குதிகால் வலிக்கு எது: நீவிவிடுவதா, உருட்டுவதா, ஊசியா, எம்பி நிற்பதா?

அம்மா சேலம் அம்மாப்பேட்டையில் சாயங்காலம் தட்டுவடை செட் கடை போடுகிறார். நாலு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் கடை கட்டும் வரை உட்கார வழியில்லை. கீழே சிமெண்ட் தரை. சாப்பிடும் பொருள் இருக்கிற இடத்தில் செருப்பு ஆகாது என்று வெறுங்காலோடுதான் நிற்பார். போன வருடம் ஒரு காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவர், சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "குதிகால்ல ஆணி வெச்சு அடிச்ச மாதிரி இருக்குது கண்ணு" என்றார். நாலு எட்டு நடந்ததும் வலி குறைந்தது. ராத்திரி கடை கட்டும்போது திரும்ப வந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். காலையில் முதல் எட்டில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்து, நின்றால் மறுபடி வருகிற வலி எது என்று பார்த்தவுடன் தெரியும். குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை பாதத்துக்குக் கீழே ஓடும் கெட்டியான பட்டை, பிளாண்டர் ஃபேசியா, நொந்துபோயிருக்கிறது. தெரியாதது, அதற்கு என்ன செய்வது என்பதுதான். பக்கத்துத் தெருப் பாட்டியிடம் நீவிக்கொள்ளச் சொன்னார் அத்தை. ஜிம்முக்குப் போகும் தம்பி, தசைக்கு அடியில் வைத்து உருட்டும் உருளை ஒன்றை வாங்கி வந்தான். ஊசி போட்டால் ஒரே நாளில் சரியாகும் என்றார் மாமா. என்னிடம் என் கை இருந்தது. அம்மாவின் காலுக்காக இவை எல்லாவற்றையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளோடு வைத்துப் பார்த்தேன். அந்த ஒப்பீடுதான் இது.

முதலில் ஃபேசியா என்றால் என்ன என்பதைக் கறிக்கடையில் பார்த்துவிடலாம். ஆட்டுத்தொடையைத் தொங்கவிட்டிருப்பார்கள். கடைக்காரர் கத்தி நுனியை உள்ளே விட்டு இழுத்தால், மேலே பளபளவென்று ஒரு மெல்லிய ஜவ்வு கண்ணாடித்தாள் போலத் தனியே வரும். அதற்கு அடியில் இன்னொன்று வெள்ளையாக, தடியாக இருக்கும். அதைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டுமே ஃபேசியாதான். தசைகளைச் சுற்றி, தசைகளுக்கு நடுவில், எலும்போடு சேரும் இடம் வரை உடம்பு முழுக்க இந்த ஜவ்வு தொடர்கிறது. உடற்கூறு வகுப்பில் தசையைப் பார்ப்பதற்காக இதை வெட்டி வாளியில் போடுவோம். பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் படித்தார்கள். ஃபேசியாவுக்கென்றே முதல் சர்வதேச ஆராய்ச்சி மாநாடு 2007-ல்தான் பாஸ்டனில் கூடியது.

அதையொட்டிய வருடங்களில் தெரியவந்தவை கொஞ்சநஞ்சமல்ல. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் கார்லா ஸ்டெக்கோ இந்த ஜவ்வின் அடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வோர் அடுக்கிலும் நார்கள் ஒவ்வொரு திசையில் ஓடுகின்றன. அடுக்குகளுக்கு நடுவில் ஹயலுரோனான் என்ற வழவழப்பான பொருள் இருக்கிறது. அதனால் ஒன்றின்மேல் ஒன்று நழுவுகிறது. ஜெர்மனியில் ராபர்ட் ஷ்லைப், ஃபேசியாவில் இருக்கும் செல்கள் தாமாகவே மெதுவாகச் சுருங்கக்கூடியவை என்று காட்டினார். இதில் நரம்பு முனைகளும் நிறைய. ஆக இது வெறும் பொட்டலத்தாள் இல்லை, உணர்ச்சியுள்ள திசு.

இங்கேதான் என் தொழிலில் ஒரு பேச்சு ஊறிப்போனது. "ஜவ்வு ஒட்டிக்கிட்டிருக்குது, பிரிச்சு விடறேன்" என்போம். நானும் ஆறேழு வருடம் அப்படிச் சொல்லித்தான் கை வைத்தேன். பிறகு 2008-ல் வந்த ஒரு கணக்கைப் படித்தேன். சௌத்ரி, ஷ்லைப், ஃபிண்ட்லி முதலானவர்கள் சேர்ந்து, ஃபேசியாவைக் கையால் அழுத்தினால் எவ்வளவு உருமாறும் என்று கணித மாதிரி போட்டுப் பார்த்தார்கள். பாதத்துப் பட்டையை வெறும் 1 சதவீதம் அமுக்கி நகர்த்த, மேலிருந்து 852 கிலோ அழுத்தமும் பக்கவாட்டில் 424 கிலோ இழுவையும் வேண்டும். 852 கிலோ என்பது 50 கிலோ அரிசி மூட்டை 17. தொடையின் பக்கவாட்டு ஃபேசியாவுக்கு இன்னும் அதிகம், 925 கிலோ. எந்தக் கட்டைவிரலாலும் முடியாத காரியம். மூக்கின் மேல்தோலுக்கு அடியில் இருப்பது போன்ற மென்மையான ஜவ்வு மட்டும்தான் கை அழுத்தத்துக்கு வளைந்தது. கைவைத்தியத்தை மறுக்க நினைத்தவர்கள் போட்ட கணக்கல்ல இது. ஷ்லைப்பே ரோல்ஃபிங் என்ற ஃபேசியா கைச்சிகிச்சையில் பயிற்சி பெற்றவர். தன் நம்பிக்கைக்கு எதிராக வந்த எண்ணையும் வெளியிட்டிருக்கிறார்கள். அதற்காகவே அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்படியானால் கை வைத்தால் வலி ஏன் குறைகிறது? குறைவது நிஜம், தினமும் பார்க்கிறேன். கடையில் அடுக்கி வைத்த பட்டுச்சேலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சேலையின் இழையைப் பிடித்து நீட்டுவது முடியாது. ஆனால் அடுக்கில் ஒரு சேலையை இன்னொன்றின் மேல் நழுவ வைக்க விரல் போதும். நார் நீளாது, அடுக்கு நழுவும். அதோடு, கை அழுத்தும்போது நரம்பு முனைகள் வழியாக மூளைக்குப் போகும் சேதி, வலியையும் தசை இறுக்கத்தையும் தணிக்கிறது. நான் கவனித்த வரை பெரும்பங்கு இந்த நரம்பு வழிதான். கைக்குக் கிடைக்கும் பலன் அன்றைக்கே கிடைப்பதும், ரெண்டு நாளில் கரைவதும் அதனால்தான்.

சரி, இனி ஒவ்வொன்றாக.

நீவிவிடும் பாட்டி

விளக்கெண்ணெயைச் சூடு காட்டி, காலை மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நீவுவார். சித்த மருத்துவத்தில் தொக்கணத்தை, அதாவது நீவிப் பிடித்துவிடும் கைமுறையை, ஒன்பது வகையாகச் சொல்வார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று போகும். பாட்டிக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, கைக்குத் தெரியும். கெண்டைச்சதையிலிருந்து ஆரம்பித்து இறங்குவார், குதிகாலுக்குக் கடைசியில்தான் வருவார். அது சரியான வரிசைதான். கெண்டைச்சதை இறுகினால் குதிகால் பட்டைமேல் பாரம் ஏறும். அம்மா அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார். விடிந்து கால் ஊன்றியபோது அதே ஆணி. ஆறுதலுக்கு இதைவிட நல்லது இல்லை, குணத்துக்கு இது மட்டும் போதாது. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போனவர்கள் மட்டும் யாரையும் அழுத்தமாக நீவ விடாதீர்கள். காயம் பட்டாலும் தெரியாது.

என் கை

மயோஃபேசியல் ரிலீஸ் என்று படித்துவந்தது. எண்ணெய் இல்லாமல், மெதுவாக அழுத்தி, ஓரிடத்தில் ஒன்றிரண்டு நிமிடம் பிடித்திருப்பது. குதிகால் வலிக்கு இதை நம் பக்கத்துக் கேரளத்தில் 66 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். ஒரு பாதிக்கு இந்தச் சிகிச்சை, மறு பாதிக்கு ஓடாத அல்ட்ராசவுண்ட் கருவி. கை வைத்தவர்களுக்குத் தெளிவான முன்னேற்றம். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மனிதர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அசையாத ஒரு கருவியையும் ஒப்பிட்டால் கை ஜெயிக்கும். பாட்டியின் கையோடு ஒப்பிட்டால் என் கை எவ்வளவு ஜெயிக்கும் என்பதை அந்தச் சோதனை காட்டாது. அம்மாவின் காலில் பார்த்த வரை, இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என்னிடம் வருவதில் நன்மை வேறு: எங்கே, எப்போது வலிக்கிறது என்று விசாரித்து, நரம்பு நசுங்கியதா, எலும்பில் விரிசலா என்று பிரித்துப் பார்க்க முடியும். காசு கொடுப்பது அதற்காக என்றால் நியாயம்.

இரும்புத் தகடு வைத்துச் சுரண்டுவதும், கிண்ணத்தைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைக்கும் கப்பிங்கும் இப்போது ஊரில் பெருகிவிட்டன. என் உறவுக்காரப் பெண் ஓரிடத்தில் போய்விட்டுக் கெண்டைக்கால் முழுக்கக் கன்றிச் சிவந்து வந்தாள். "ஒட்டு உடைஞ்சிருக்குது, அதான் சிவப்பு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உடைந்தது சின்ன ரத்தக்குழாய்கள். அம்மாவுக்கு இதை நான் யோசிக்கவே இல்லை.

உருளையும் பந்தும்

தம்பி வாங்கி வந்த உருளை பாதத்துக்கு லாயக்கில்லை, கெண்டைச்சதைக்கு ஆகும். பாதத்துக்கு டென்னிஸ் பந்து போதும், அல்லது ஃப்ரீசரில் உறைய வைத்த அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். உட்கார்ந்து உருட்டினால் கொஞ்ச நேரத்துக்கு இளகின மாதிரி இருக்கும். இதுவும் நரம்பு வழி ஆறுதல்தான். இதன் பெரிய பலம், யார் தயவும் வேண்டாம், காசும் பெரிதாக இல்லை. கடையில் கூட்டம் ஓய்ந்த ஐந்து நிமிடத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து உருட்டிக்கொள்ளலாம். அம்மா இன்றைக்கும் அதைச் செய்கிறார்.

ஊசி

ஸ்டீராய்டு ஊசி ஏறக்குறைய ஒரு மாதம் வலியைக் கொஞ்சம் குறைக்கும். அதற்குப் பிறகு போடாதவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. அரிதாகப் பட்டையே அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. பலன் நீடிக்காததற்கு ஒரு காரணம் 2003-ல் வெளியான ஆய்வில் கிடைக்கிறது. அறுவை செய்த 50 பேரின் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தபோது வீக்கத்துக்கான செல்கள் இல்லை. நார்கள் நைந்து சிதைந்திருந்தன. வீக்கம் இல்லாத இடத்தில் வீக்கத்தை அடக்கும் மருந்துக்கு என்ன வேலை? கல்யாணம், பயணம் என்று தவிர்க்க முடியாத தேவை இருந்தால் மருத்துவரிடம் கேட்டு ஒருமுறை போடலாம். மாமா சொன்னதுபோல ஒரே நாளில் சரியாவது இல்லை.

எம்பி நிற்பது

நைந்த நாரைச் சீர்படுத்த வேண்டும் என்றால், அந்த நார் பாரம் தாங்கிப் பழக வேண்டும். அழுத்தியும் உருட்டியும் 1 சதவீதம்கூட நகராத பட்டையை, நம் உடம்பெடையே இழுத்துவிடும். அதற்கான வழி பாதத்திலேயே இருக்கிறது. கட்டைவிரலை மேலே மடக்கிப் பாருங்கள், உள்ளங்காலில் ஒரு கயிறு விறைத்து எழும். கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றுகிற மாதிரி, விரல் மடங்கும்போது பட்டை இழுபடுகிறது. 1954-ல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார்.

டென்மார்க்கின் ராத்லெஃப் குழு இதையே மருந்தாக்கியது. படி விளிம்பில் விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, ஒற்றைக்காலில் குதிகாலை மூன்று எண்ணும்வரை மெதுவாக மேலே தூக்கி, இரண்டு எண்ணும்வரை நின்று, மூன்று எண்ணி இறக்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். 12 தடவைக்கு மேல் முடியாத அளவு பாரத்தில் ஆரம்பித்து, வாரங்கள் போகப்போக முதுகுப் பையில் புத்தகம் சேர்த்துப் பாரம் கூட்டுவது. 48 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு இது, மறு பாதிக்கு விரலை இழுத்துப் பிடிக்கும் நீட்டல் பயிற்சி. மூன்று மாதத்தில் எம்பி நின்றவர்களுக்கு வலியும் முடக்கமும் நன்றாகவே குறைந்திருந்தன. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம்.

கடைசியில் சமம்தானே என்று சிலர் கேட்பார்கள். நின்று பிழைப்பவருக்கு அந்த மாதங்கள்தான் முக்கியம். அதுவும் தவிர, இதற்கு யாரிடமும் போக வேண்டியதில்லை. ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வருகிறார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து திரும்பினால் அவருக்கு ஒருநாள் கூலி போச்சு. வாரம் மூன்று முறை வாருங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீட்டு வாசலில் படி இருக்கிறது, துண்டும் இருக்கிறது.

நீட்டலையும் ஒதுக்கிவிட வேண்டாம். 2003-ல் டிஜியோவான்னி குழு 101 பேரிடம் பார்த்தது. காலையில் கால் ஊன்றுவதற்கு முன்பே, அந்தக் காலை மறுதொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் பின்னால் இழுத்துப் பத்து எண்ண வேண்டும், பத்து முறை. குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் தசைநாரை மட்டும் நீட்டியவர்களைவிட இவர்கள் எட்டு வாரத்தில் நன்றாக இருந்தார்கள். அந்த முதல் ஆணிக்குத்தலுக்கு இதைவிட எளிய மருந்து நான் பார்க்கவில்லை.

முதுகு வலிக்கும் இதே தீர்ப்பா என்று தறிக்காரர்கள் கேட்கிறார்கள். குழித்தறியில் குழிக்குள் கால் விட்டு, குனிந்து மிதித்து மிதித்து வரும் வலி அது. அமெரிக்காவில் ஹெலன் லாங்கவின் குழு 2011-ல் இடுப்பு ஃபேசியாவை அல்ட்ராசவுண்டில் பார்த்தது. நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு அடுக்குகள் நழுவுவது சுமார் 20 சதவீதம் குறைவு. வலியால் நழுவல் குறைந்ததா, நழுவல் குறைந்ததால் வலி வந்ததா என்பதை அந்தப் படம் சொல்லாது. முதுகுக்குக் கை வைப்பதன் பங்கைக் குதிகாலைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுப்பேன். நீவியபின் குனிய முடிகிறது, குனிய முடிந்தால் அசைவு திரும்புகிறது. ஆனால் மணிக்கணக்காக எழுந்திருக்காமல் தறியில் உட்கார்ந்தால், எந்தக் கையும் காப்பாற்றாது. மணிக்கு ஒருமுறை குழியிலிருந்து எழுந்து நடக்கச் சொல்கிறேன்.

அம்மா விஷயத்தில் கடைசியில் இப்படி வைத்துக்கொண்டோம். காலையில் கட்டிலிலேயே விரல் நீட்டல். ஒருநாள் விட்டு ஒருநாள், வாசப்படியில் எம்பி நிற்பது. முதலில் ஒற்றைக்காலில் முடியவில்லை, இரண்டு காலும் சேர்த்துத்தான் தொடங்கினார். கடையில் காலுக்கடியில் தடியான ரப்பர் மேட்டு, செருப்புக்கு ஒப்புக்கொள்ளாதவர் இதற்கு ஒப்புக்கொண்டார். வாரம் ஒருமுறை பாட்டி, அது அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் நேரமும்கூட. முதல் மூன்று வாரம் மாற்றமே தெரியவில்லை, கோபப்பட்டார். ஆறாவது வாரம் ஒருநாள் சுவரைப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போனார், அவருக்கே அது தெரியவில்லை. இப்போது தோளில் பழைய பள்ளிக்கூடப் பை மாட்டி, உள்ளே ரெண்டு கிலோ அரிசி போட்டு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு எம்புகிறார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணுவது தெருவுக்கே கேட்கிறது. எதிர்வீட்டு அக்காவும் நேற்றிலிருந்து துண்டைச் சுருட்டிக்கொண்டு அவர் வாசப்படியில் நிற்கிறார்.