"அது முன்னாடியே இருந்ததுங்க": வேலை முடிந்தபின் வரும் இந்தப் பேச்சில் ஏமாறாதீர்கள்

குளியலறையைப் புதுப்பித்து மூன்று வாரம்கூட ஆகியிருக்காது. கீழ்வீட்டுக் கூரையில் சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஈரம். கான்ட்ராக்டர் வந்து அண்ணாந்து பார்ப்பார். "இது பழைய லீக்குங்க, நாங்க டைல்ஸ் மட்டும்தானே போட்டோம்" என்பார். வீட்டுக்காரர் மீதிப் பணத்தை நிறுத்துவார். மறுநாள் முதல் ஆள் வரமாட்டார்கள். மற்ற அறைகளில் கதவு மாட்டாத நிலைச்சட்டமும் பூசாத சுவரும் அப்படியே கிடக்கும்.

பெரும்பாலும் இரண்டு பேருமே பாதி உண்மை பேசுகிறார்கள் என்பதுதான் இதில் சிக்கல். பழைய குழாயில் பலவீனம் இருந்திருக்கும். உடைக்கும்போது அடித்த அடியில் அது விட்டுப்போயிருக்கும். எனவே யார் குற்றம் என்று கத்துவதற்கு முன், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. மீட்டர் நகர்ந்திருந்தால் பெரும்பாலும் தண்ணீர் வரும் குழாயில்தான் கசிவு. நகரவில்லை, ஆனால் குளித்தபின் மட்டும் கீழே ஈரம் கூடுகிறது என்றால் கழிவுக் குழாயையோ தரையின் நீர்க்காப்பையோ (வாட்டர்ப்ரூஃபிங்) சந்தேகப்படலாம். வாளித் தண்ணீரைத் தரையில் படாமல் நேராக வடிகால் வாயில் ஊற்றிப் பார்த்தால் இந்த இரண்டில் எது என்பது ஓரளவு பிரியும்.

கறையே பாதி சாட்சி சொல்லும். பழைய ஈரம் வளையத்துக்குள் வளையமாகக் காய்ந்திருக்கும், ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். புதிய ஈரத்துக்குப் பெரும்பாலும் ஒரே விளிம்புதான், தொட்டால் சில்லென்றிருக்கும். விரிசலும் அப்படித்தான். பழையதற்குள் அழுக்கும் ஒட்டடையும் பழைய பெயின்டும் இறங்கியிருக்கும்; புதியதன் விளிம்பு கூராக, உள்ளே பூச்சு சுத்தமாக இருக்கும். இதை வைத்து மட்டும் வழக்கு ஜெயிக்காது. ஆனால் "எப்பவோ விட்டது" என்று ஒருவர் அளக்கும்போது இது அவர் வாயை அடைக்கும்.

இந்தச் சண்டை முழுக்கத் தவிர்க்கக்கூடியது. முதல் சுத்தியல் அடி விழுவதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழித்தால் போதும். வேலை நடக்கப்போகும் அறை, அதை ஒட்டிய அறைகள், நேர் கீழே உள்ள கூரை எல்லாவற்றையும் முதலில் தூரத்திலிருந்தும் பிறகு கிட்டத்திலும் படமெடுங்கள். விரிசலின் பக்கத்தில் அளவு டேப்பை விரித்து வைத்து எடுங்கள். விரிசலின் இரு நுனியிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதினால், பிற்பாடு அது கோட்டைத் தாண்டியதா என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். டைல்ஸை நாணயத்தால் தட்டி, வெற்றுச் சத்தம் வரும் இடங்களில் சாக்பீஸால் குறியிடுங்கள். கதவு, ஜன்னல் திறந்து மூடுவதையும், குழாயில் வரும் நீரின் வேகத்தையும், ஒவ்வொரு சுவிட்ச் பாயின்ட் வேலை செய்வதையும் வீடியோ எடுத்துவிடுங்கள். அன்றைக்கே கான்ட்ராக்டருக்கு அனுப்பி "பார்த்தேன்" என்று பதில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

நல்ல கான்ட்ராக்டர் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். உண்மையில் வீட்டுக்காரரைவிட அவருக்குத்தான் இந்தப் படங்கள் அதிகம் உதவும். "இதெல்லாம் எதுக்குங்க, நம்பிக்கைதான் முக்கியம்" என்பவரிடம் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள்.

அடுத்த பொறி, மூடப்படும் வேலை. டைல்ஸ் போட்டபின் அடியில் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது. நீர்க்காப்புப் பூச்சு சுவரில் குறைந்தது 15 செ.மீ. ஏற வேண்டும், ஷவர் பக்கம் தலைக்கு மேல் வரை போக வேண்டும். தப்பு நடக்கும் இடம் பெரும்பாலும் குழாய் தரையைத் துளைத்து வரும் மூலைதான். அங்கே நீர்க்காப்பு நாடா ஒட்டாமல் வெறும் பிரஷ்ஷால் ஒரு தடவு தடவிவிட்டுப் போய்விடுவார்கள். டைல்ஸுக்கு முன் வடிகாலை அடைத்து, வாசலில் சின்ன வரப்புக் கட்டி, 3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்துங்கள். தரை முதலில் கொஞ்சம் உறிஞ்சும், அதனால் சில மணி நேரம் விட்டு மட்டத்தை டேப் ஒட்டிக் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் குறியிடுங்கள். 24 மணி நேரம் கழித்து, முடிந்தால் 48 மணி நேரம் கழித்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். வாளியில் குறைந்த அளவுதான் தரையிலும் குறைந்திருந்தால் அது ஆவியானது. தரையில் தெளிவாக அதிகம் குறைந்திருந்தால் கசிவு. சுவருக்குள் போகும் குழாயையும் பூசி மூடுவதற்கு முன் அழுத்தம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, அழுத்தத்தைக் காட்டும் கேஜ் முள்ளைத் தொடக்கத்திலும் முடிவிலும் படமெடுங்கள்.

"உடைச்சுப் பார்த்தா உள்ளே எல்லாம் போயிருக்கு" என்று பாதியில் வரும் போன்தான் அதிகம் பணம் கரைக்கும். சில நேரம் உண்மையாகவே போயிருக்கும். பழைய இரும்புக் குழாய் உள்ளே துருவால் அடைத்து, விரல்கூட நுழையாதபடி இருக்கும். ஆகவே வெட்டிய துண்டைக் காட்டச் சொல்லுங்கள், தூக்கிப்போட விடாதீர்கள். குழாய் மாற்ற மீட்டருக்கு என்ன, பூச்சு உதிர்த்துப் பூச சதுர அடிக்கு என்ன என்று ஒப்பந்தத்திலேயே விலை எழுதிவிட்டால், அந்த நேரத்தில் கழுத்தைப் பிடித்துக் கேட்க முடியாது. எக்ஸ்ட்ரா வேலை எதுவானாலும் அளவு, விலை, எத்தனை நாள் கூடும் என மூன்று வரியில் எழுதி, சரி என்று பதில் வந்தபின்தான் கை வைக்க வேண்டும். வாய்ப்பேச்சில் செய்த எக்ஸ்ட்ராவுக்குப் பணம் கிடைக்காமல் நிற்கும் மேஸ்திரிகளும் நிறைய. "பார்த்துக்கலாம்" என்ற வார்த்தையை நம்பிச் சிமென்ட் கலக்காதீர்கள்.

சரி, சண்டை வந்தேவிட்டது. அப்போது வீட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, வேறு ஆளைக் கூட்டிவந்து உடைத்துவிடுவது. உடைத்த நிமிடமே சாட்சி போய்விட்டது. "என் வேலையை இன்னொருத்தர் கெடுத்துட்டார்" என்று கான்ட்ராக்டர் சொன்னால் பதில் இருக்காது. முதலில் குறையை எழுத்தில் தெரிவியுங்கள். வந்து பார்க்கவும் சரிசெய்யவும் ஒரு தேதி கொடுங்கள். வராவிட்டால் சம்பந்தமில்லாத வேறொரு ஆளைக் கொண்டு பார்வையிட்டு, காரணத்தையும் செலவையும் எழுதி வாங்குங்கள். அதற்குப் பிறகு உடைக்கலாம். ஒவ்வொரு அடுக்கையும் படமெடுத்தபடி உடைத்து, பெயர்த்த துண்டுகளை ஒரு சாக்கில் கட்டி வையுங்கள். தண்ணீர் பீறிட்டு வருகிறது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். வால்வை மூடி, படமெடுத்து, தற்காலிகமாக அடையுங்கள்.

பணத்தை மொத்தமாக நிறுத்துவதும் வேண்டாம். அது உங்கள் பக்க நியாயத்தைக் கெடுக்கும். மொத்த வேலை 100 பங்கு, 70 முடிந்திருக்கிறது, 50 கொடுத்தாயிற்று என்று வையுங்கள். பாக்கி 20. தகராறில் உள்ள தரைக்குப் பழுது மதிப்பீடு 8 என்றால் அந்த 8-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு, எதற்காகப் பிடித்தோம் என்று எழுதி, 12-ஐக் கொடுத்துவிடுங்கள். அந்த 70 என்ற கணக்கு அவர் வாய்க்கணக்காகவும் இருக்கக்கூடாது, உங்கள் கண்மதிப்பாகவும் இருக்கக்கூடாது. இருவரும் டேப் பிடித்து, அறைவாரியாக அளந்து, ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் கான்ட்ராக்டராக இருந்தாலும் இதேதான்: வேலையாட்களைத் திரும்ப அழைத்துக்கொள்வதற்கு முன் அளவும் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், தளத்தில் கிடக்கும் பொருள்களை எண்ணிக் குறித்து ஒப்படையுங்கள். போட்ட பொருளைப் பிடுங்கிக்கொண்டு போகாதீர்கள், அங்கே உங்கள் கோரிக்கையே தலைகீழாகிவிடும்.

பேசி முடித்தால் கடைசித் தாளில் "எல்லாம் தீர்ந்தது" என்று ஒரு வரியோடு விடாதீர்கள். எந்தக் குறைக்கு எவ்வளவு கழித்தோம், எந்தப் பழைய பிரச்சனை இந்த வேலையில் சேராது, மீண்டும் ஈரம் வந்தால் எத்தனை மாதம் வரை யார் பொறுப்பு என்று எழுதுங்கள். அந்தத் தாளுடன் முதல்நாள் படங்களையும் சேர்த்து, இருவரிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கட்டும்.