பேஸ்பால் கோட்டாவுல தம்பிய சேர்த்தோம், இது மூணாவது வருஷம்

5க்கு 3 குடுக்குறேன், அதுல ரெண்டரை பி.டி. சாருக்கு. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவுல ஒரு பிரைவேட் ஆர்ட்ஸ் காலேஜ். பேர் வேண்டாம், தம்பி இன்னும் ஆறு மாசம் அங்க படிச்சாகணும்.

சேர்க்கும்போது ஸ்போர்ட்ஸ் கோட்டா, எல்லாம் ஃப்ரீன்னாங்க, அம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு வந்துட்டாங்க, ஆபீஸ்ல போய் நின்னா "டியூஷன் பீஸ் மட்டும்தாம்மா ஃப்ரீ"ன்னு எக்ஸாம் பீஸ், பஸ் பீஸ், யூனிஃபார்ம்னு சலான நீட்டுறாங்க. ரெண்டாவது வருஷம் டியூஷன்லயும் பாதி கட்டச் சொன்னாங்க, கேட்டா டீம் ஜெயிக்கலையாம். எழுதி வாங்காதது எங்க தப்புதான்.

கோவத்துல அமெரிக்காவுல எப்படின்னு தேடிப் படிச்சேன். அங்கயும் டிவிஷன் 1 (காலேஜ் ஸ்போர்ட்ஸ்ல மேல் மட்டம்) பேஸ்பால் டீமுக்கு ரொம்ப வருஷமா மொத்தமே 11.7 முழு ஸ்காலர்ஷிப்தான், அத 27 பேர் வரைக்கும் பிச்சுக் குடுப்பாங்க, ஆளுக்கு குறைஞ்சது கால் பங்கு. 2025லதான் கோர்ட் கேஸ்ல வந்த புது ஏற்பாட்டுக்கு ஒத்துக்கிட்ட காலேஜுக்கு அந்தக் கணக்கு போய், டீம்ல 34 பேருக்கு மேல கூடாதுன்னு ஆச்சு. ஆக அங்கயும் முழு ஃப்ரீ லேசுல கிடைக்கல, ஆனா எவ்வளவுன்னு பேப்பர்ல இருக்கும்ல.

பி.டி. சார் ஒரே ஆளு. கபடி, வாலிபால், பேஸ்பால், காலைல கேட்ல லேட்டா வர்றவன புடிக்கிற டூட்டி வரைக்கும் அவருதான். பிட்சர் (பால் போடுறவன்) நிக்கிற இடத்துக்கு 60 அடி 6 அங்குலம்னு டேப் புடிச்சு சுண்ணாம்பு போடுறதும் அவரே. கோச்சுன்னு தனியா யாரும் கிடையாது, பாஸ் அவுட் ஆன ஒரு அண்ணன் மொபைல் கடை வேலைய முடிச்சுட்டு சாயங்காலம் வர்றாரு, பெட்ரோலுக்கு சார் தன் பாக்கெட்ல இருந்து தர்றாரு (அமெரிக்காவுலயும் 2023 வரைக்கும் டீமுக்கு ஒரு கோச்சு சம்பளமில்லாமத்தான் இருந்தாராம்). ஐப்பசி மழைல கிரவுண்டு நடவு வயல் மாதிரி ஆயிடும், நம்ம களிமண்ணு தெரியும்ல, சைக்கிள் ஸ்டாண்டுல நின்னு பால் தூக்கிப் போட்டுப் பழகுவானுங்க.

படிப்புல குறை சொல்ல மாட்டேன். மேட்ச்சுக்குப் போனா ஓ.டி. (ஆன் டூட்டி, கிளாஸுக்கு வந்த கணக்கு) ஒழுங்கா போட்டுருவாங்க, 75 பர்சன்ட் அட்டெண்டன்ஸ் இடிக்கல. இன்டர்னல் டெஸ்ட் அன்னிக்கே டோர்னமென்ட் வந்தப்ப டிபார்ட்மென்ட் மேடம் தனியா டெஸ்ட் வச்சு எழுத வச்சாங்க. அலைடு மேத்ஸ்ல ஒரு அரியர் விழுந்துச்சு, அது அவன் சோம்பேறித்தனம், காலேஜ சொல்லிப் பிரயோஜனமில்ல, அடுத்த செம்ல கிளியர் பண்ணிட்டான்.

சேர்க்கிறவங்க என்னென்ன பீஸ் தள்ளுபடி, எத்தன வருஷத்துக்குன்னு லெட்டர்பேட்ல வாங்கிருங்க. பையன் இடதுகையா இருந்தா க்ளவ் சொந்தமா வாங்கிக்குங்க, இடதுகைக்காரனுக்கு க்ளவ் வலது கைல மாட்டணும், காலேஜ்ல இருக்கிற ஆறு க்ளவும் வலதுகைக்காரனுக்குத்தான், தம்பி முதல் மாசம் பூரா வெறுங்கைல புடிச்சு உள்ளங்கை வீங்கித்தான் வந்தான்.