பெட்டியோடு நாலு வருகை: ஒரு தேனீ வளர்ப்புச் சேவை பற்றி

எனக்கு ஊர் வீரவநல்லூர். புறவாசல் நடையில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொடுக்கிறேன். நிமிர்ந்தால் ரெண்டு முருங்கையும் ஒரு புங்கையும் தெரியும். புங்கை நிழலில் இப்போது ரெண்டு தேனீப் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டியைத் தந்து, நாலு தடவை வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுத்தவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவரிடம் வாங்கியது எனக்கு இரண்டாவது பெட்டி. முதல் பெட்டியை முந்தின வருஷம் ஆனி மாதம் வேறொரு கடையில் வாங்கினேன். காசை வாங்கிக்கொண்டு, "மாசத்துக்கு ஒருக்கா தேன் எடுத்துக்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் என்ன வேலை செய்வார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு மாதம் கழித்துப் பெட்டியில் கறுத்த, பெரிய கண்ணுள்ள தேனீக்கள் நிறைய வந்தன. குடும்பம் பெருகுது என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னேன். ஆவணி முடிவதற்குள் பெட்டி காலி. அடைகளில் மெழுகுப் பூச்சி நூல் கட்டிக் கிடந்தது. அன்றைக்கு அழுதேவிட்டேன்.

என்ன நடந்தது என்று இந்த அண்ணாச்சி வந்த பிறகுதான் புரிந்தது. அவர் மார்த்தாண்டம் பக்கம். அந்த ஊரில் 1920களிலேயே ஒய்.எம்.சி.ஏ. மூலம் தேனீ வளர்ப்பு சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுகிற நம்ம ஊர் அடுக்குத் தேனீக்கு என்றே நியூட்டன் என்ற பாதிரியார் நூறு வருஷத்துக்கு முன்னால் அமைத்த சின்னப் பெட்டிதான் இன்றைக்கும் அங்கே புழக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தந்ததும் அதுதான்: கீழே புழு அறையில் அடை கட்ட ஏழு மரச் சட்டம், மேலே தேன் அறை. 1991, 92-ல் தென்மாவட்டங்களில் புழுக்கள் தண்ணீர்ப் பை மாதிரி ஆகிச் செத்துப்போகும் வைரஸ் நோய் வந்தபோது, இவர் வீட்டுப் பெட்டிகளில் முக்கால்வாசி அழிந்துபோனதாம். மிச்சத்தை வைத்து மறுபடி ஏற்றியிருக்கிறார்.

பெட்டி, தேனீக் குடும்பம், இரும்புத் தாங்கி, எறும்பு ஏறாமல் காலுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம், நாலு வருகை எல்லாம் சேர்த்து 4,500 ரூபாய். முதல் கடையில் கொடுத்ததைவிட அதிகம்தான். கொடுத்தது வீண் போகவில்லை.

தை மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு பெட்டியின் வாசலை அடைத்துக் கொண்டுவந்தார். தேனீ எல்லாம் அடைந்த பிறகுதான் பெட்டியை நகர்த்த வேண்டுமாம். கிழக்கே பார்த்து வைத்துவிட்டு, பத்து நாள் திறக்காதே என்று சொல்லிப் போனார். முதல் வருகை அவ்வளவுதான்.

இரண்டாவது வருகையில்தான் உண்மையான பாடம். நான் சட்டத்தைத் தூக்கி ராணியைத் தேட ஆரம்பித்தேன். "ராணிய எதுக்கு மக்களே தேடுக? முட்டையத் தேடு" என்றார். வெயில் முதுகுப் பக்கமிருந்து அடையின் சின்னச் சின்ன அறைக்குள் விழுகிற மாதிரி சட்டத்தைச் சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். அறையின் அடியில் பொடி அரிசித் துணுக்கு மாதிரி ஒன்று நட்டுக்கொண்டு நின்றது. முட்டை புழுவாகும் வரை மூணு நாள். அதனால் முட்டை கண்ணில் பட்டால் கடந்த மூணு நாளுக்குள் ராணி அங்கே இருந்திருக்கிறாள். அவளை விரட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஓர் அறைக்கு ஒரு முட்டை, நடுவில் இருந்தால் ராணி இட்டது. ஒரே அறையில் மூணு நாலு முட்டை, அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால் வேலைக்காரத் தேனீ இட்டது.

என் முதல் பெட்டியின் கதை அங்கேதான் இருந்தது. ராணி செத்தால் அவள் வாசனை கூட்டில் இல்லாமல் போகிறது. அந்த வாசனை இருக்கும் வரை அடங்கியிருந்த வேலைக்காரத் தேனீக்களில் சில முட்டையிட ஆரம்பிக்கும். அவை ஆணோடு சேராதவை, ஆகவே அந்த முட்டையெல்லாம் ஆணாகவே பொரியும். ஆண் தேனீ பூவுக்குப் போகாது, புழுவுக்கு ஊட்டாது, கொட்டவும் கொடுக்கு கிடையாது. நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட கறுத்த தேனீக்கள் அவைதான். உழைக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சாக, அந்த இடத்துக்குப் புதிதாக யாரும் பிறக்கவில்லை. இதை ஒரு ஆள் அப்போதே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கலாம்.

ஆணையும் வேலைக்காரியையும் அறை மூடியை வைத்தே பிரிக்கலாம் என்பதும் அன்றைக்குக் கற்றதுதான். வேலைக்காரி மூடி தட்டையாக இருக்கும். ஆண் அறை மூடி குவிந்து, உச்சியில் ஊசி குத்தியது மாதிரி ஒரு துளையோடு இருக்கும். நம்ம அடுக்குத் தேனீயிடம் உள்ள அடையாளம் இது. பட்டன் துளையையே பார்த்துப் பழகிய கண் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது.

வேலைப் பங்கீட்டை அவர் சொன்ன விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பிறந்த தேனீக்கு முதல் வேலை அறையைச் சுத்தம் செய்வது. அப்புறம் புழுவுக்குப் பால் ஊட்டுவது. அதன்பின் வயிற்றடியில் மெழுகு சுரந்து அடை கட்டுவது, வருகிற தேனை வாங்கி அடுக்குவது, வாசல் காவல். சுமார் மூணு வாரம் ஆன பிறகுதான் பூவுக்குப் போகிறது. பூவுக்குப் போகிறது என்றால் கடைசி வேலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பூத்துக் குலுங்கும் காலத்தில் மொத்த ஆயுசே ஆறு வாரம்தான். ஆனால் இதெல்லாம் எழுதிவைத்த சட்டமில்லை. மருந்தடித்த வயலுக்குப் போய் வயசானவை திரும்பாவிட்டால் இளசுகள் முன்கூட்டியே வெளியே கிளம்பிவிடும்.

பங்குனியில் ஒரு நாள் மத்தியானம் நூற்றுக்கணக்கான தேனீக்கள் பெட்டி முன்னால் கும்பலாகப் பறந்தன. ஓடிப்போகப் போகிறது என்று பதறி அவருக்குப் போன் போட்டேன். "மூஞ்சி பெட்டியப் பாத்து இருக்கா, வெளியப் பாத்து இருக்கா?" என்று கேட்டார். பெட்டியைப் பார்த்துத்தான் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன. "அப்பம் பயப்படாண்டாம், சின்னதுவ வீட்டு அடையாளம் படிக்குதுவ" என்றார். கால் மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதன்பிறகு வாசலைப் பார்த்தே நிறையத் தெரிந்துகொள்கிறேன். காலில் மஞ்சள் மகரந்த உருண்டையோடு வந்தால் உள்ளே புழு வளர்கிறது. வெயில் நேரம் வாசலில் தலையை வெளிப்பக்கம் வைத்துச் சிறகடித்தால் உள்ளே காற்று தள்ளுகின்றன. இத்தாலியத் தேனீ தலையை உள்பக்கம் வைத்து விசிறுமாம். அந்த நேரத்தில் ஒரு மண்சட்டியில் தண்ணீரும் அதில் தேங்காய் நாரும் போட்டு வைத்தால், வந்து உறிஞ்சிக்கொண்டு போய்க் கூட்டைக் குளிர வைக்கின்றன.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாளில் வருகிறேன் என்ற மூன்றாவது வருகை மூணு வாரம் தள்ளிப்போனது. அப்போது நான் பட்டப்பகலில் சர்க்கரைப் பாகு வைத்துவிட்டேன். வெளித் தேனீக்கள் கொள்ளையடிக்க வந்து வாசலில் ஒரே சண்டை, கீழே குவியலாகப் பிணம். பாகு பொழுது சாய்ந்த பிறகு, பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். வாசல் தகடு சரியாகப் பொருந்தவில்லை, நானே அட்டை வைத்து அடைத்தேன். தேன் பிழியும் மெஷின் இந்தக் காசில் அடங்காது. அவர் வரும்போது கொண்டுவருவார், அதற்குத் தனியாக 200 ரூபாய்.

மூன்றாவது வருகையில் தேன் எடுத்தோம். ஒன்றரைக் கிலோதான். வேப்பம்பூ வாடை லேசாக இருந்தது. புழு அறையிலிருந்து ஒரு சொட்டும் எடுக்க விடவில்லை. தேனுக்காக மட்டும் வாங்குகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எனக்கு அன்றைக்குக் கிடைத்த பெரிய விஷயம் அடையில் பார்த்த ஆட்டம். ஒரு தேனீ வயிற்றை உதறிக்கொண்டு நேர்க்கோட்டில் ஓடி, சுற்றி வந்து, மறுபடி அதே கோட்டில் ஓடியது. பூ எந்தப் பக்கம் என்று மற்ற தேனீக்களுக்குச் சொல்கிற ஆட்டம் அது: மேல்நோக்கி ஓடினால் சூரியன் இருக்கும் திசை, கீழ்நோக்கி ஓடினால் அதற்கு எதிர்த்திசை. இதைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷ் என்பவருக்கு 1973-ல் நோபல் பரிசு கொடுத்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு எங்கள் தேனீ கீழ்நோக்கி ஓடியது. அப்படியென்றால் மேற்கே, வாய்க்கால் கரைப் புளியமரங்கள் நிற்கிற பக்கம். சாயங்காலம் போய்ப் பார்த்தேன், மரங்கள் பூத்திருந்தன.

கடைசி வருகைக்கு நான்தான் முந்திக்கொண்டு கூப்பிட்டேன். துளையுள்ள ஆண் மூடிகள் கூடியிருந்தன. அடையின் அடி ஓரத்தில் நிலக்கடலை மாதிரி ரெண்டு ராணி அறை தொங்கியது. பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு கிளம்பப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது. போனில் சொன்னதும், "நீயே கண்டுபிடிச்சிட்டியே மக்களே" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டார். மறுநாளே காலிப் பெட்டியோடு வந்து, பழைய ராணியை ரெண்டு புழுச் சட்டத்தோடும் ஒரு தேன் சட்டத்தோடும் அதற்கு மாற்றினார். ராணி அறைகளை ஏற்கெனவே இருந்த பெட்டியிலேயே விட்டுவிட்டு, புது ராணி பொரிந்து, வெளியே பறந்து ஆணோடு சேர்ந்து வர நாளாகும், மூணு வாரத்துக்குப் பெட்டியைக் கிண்டாதே என்றார்.

இருபத்திரண்டாம் நாள் நான் தனியாகத் திறந்தேன். நாலாவது சட்டத்தின் நடுவில், ஓர் அறைக்கு ஒன்றாக, முட்டை நின்றது.