பாவித்த பிக்சல் 6ஏ: பூட்லோடர் திறக்க உகந்ததா?

பூட்லோடரைத் திறக்க (வேறு மென்பொருள் ஏற்றுவதற்காக போனின் தொடக்கப் பூட்டை நீக்க) யாழ்ப்பாணத்தில் பாவித்த பிக்சல் 6ஏ வாங்குபவர்கள் கமராவுக்கு முதல் இதைப் பாருங்கள்: செட்டிங்ஸின் எபௌட் போனில் பில்ட் நம்பரை 7 தரம் தட்டி, டெவலப்பர் ஒப்ஷன்ஸில் ஓஈஎம் அன்லொக்கிங் (திறக்க அனுமதிக்கும் சுவிட்ச்) ஓன் ஆகுதா? வைஃபை இணைத்தும் மங்கியே கிடந்தால் பெரும்பாலும் அமெரிக்காவின் வெரைசன் நிறுவனம் விற்ற, திறக்க முடியாத போன்; விலை குறைத்தாலும் விடுங்கள்.

ஓன் ஆனால் மிச்சம் சுகம். ஷாவ்மி போல நாள்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. போனைக் கேபிளால் கணினியில் இணைத்து, ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் முறை) 'ஃப்ளாஷிங் அன்லொக்' கொடுத்து, போனின் வொலியூம் பட்டனால் தெரிவுசெய்து, பவரால் உறுதிப்படுத்துங்கள். படங்கள் உட்பட எல்லாம் அழியும். 'வெயிட்டிங் ஃபோர் எனி டிவைஸ்' என்று நின்றால் விண்டோஸில் கூகுள் டிரைவர் இல்லை, அல்லது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற மலிவு கேபிள் (இதுதான் அடிக்கடி).

திறந்த போனில் வங்கிச் செயலிகள் சில இயங்க மறுக்கும். திரும்பப் பூட்டுவதென்றால் முதலில் கூகுளின் மூல மென்பொருளை ஏற்றுங்கள். இல்லாவிட்டால் போன் எழும்பாமல் போகலாம்.