நாக்கு பியர்சிங்: கம்பி, கழுவும் நீர், கடை – ஒரு மதிப்பீடு

நாக்கு குத்துகிற கடைகளில் விலை கேட்டால் ஒரே தொகையாகச் சொல்வார்கள். அந்தத் தொகையில் எத்தனை கம்பி அடக்கம் என்று அடுத்துக் கேளுங்கள். நாக்குக்கு இரண்டு வேண்டும். முதலாவது, வீக்கத்துக்கு இடம் விட்ட நீளக் கம்பி. இரண்டாவது, வீக்கம் வடிந்ததும் மாற்ற வேண்டிய குட்டைக் கம்பி. முதலாவதைப் போட்டு அனுப்பிவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எடுக்காத கடை, உள்ளே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், எங்கள் கணக்கில் தேறாது.

வழக்கமான தடிமன் 14 கேஜ், அதாவது 1.6 மி.மீ. முதல் கம்பியின் நீளம் நாக்கின் கனத்தைப் பொறுத்து பெரும்பாலும் 18 முதல் 22 மி.மீ. வரை இருக்கும். குத்திய சில மணி நேரத்திலேயே வீக்கம் தொடங்கி, முதல் மூன்று முதல் ஐந்து நாட்களில் உச்சத்துக்குப் போகும். அப்போது கம்பி குட்டையாக இருந்தால் அதன் முனையிலுள்ள மணி (திருகிப் பொருத்தும் குண்டு) சதைக்குள் புதையும். மேலே தோல் மூடிக்கொண்டால் டாக்டர் கீறித்தான் எடுக்க வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் வீக்கம் வடிந்தபின் அதே நீளம் பல்லுக்குப் பகையாகிறது. கீழ் முன்பற்களின் பின்பக்க ஈறில் மணி ஓயாமல் இடிக்கும். சாப்பிடும்போது கடைவாயில் சிக்கும். நாக்கு குத்திய 52 பேரைப் பரிசோதித்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், நீளக் கம்பியை இரண்டு ஆண்டுக்கு மேல் போட்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு உள்பக்க ஈறு கீழிறங்கியிருந்தது. இறங்கிய ஈறு தானாக ஏறாது. மாற்றுக் கம்பி பெரும்பாலோருக்கு 14 அல்லது 16 மி.மீ. போதும். முதல் தடவை மாற்றுவதைக் கடையிலேயே செய்துகொள்ளுங்கள். வீட்டில் கழற்றிவிட்டுத் தேடினால் துளை சுருங்கிவிடும்.

உலோகத்தில் எங்கள் தேர்வு ஏ.எஸ்.டி.எம். எஃப்136 (உடலுக்குள் பொருத்தும் உலோகத்துக்கான தர எண்) தர டைட்டேனியம். ‘டைட்டேனியம்’ என்ற வெறும் வார்த்தைக்கு மதிப்பில்லை. உலோகத்தின் தரச்சான்றைக் காட்டச் சொல்லுங்கள். ஆன்லைனில் பத்துப் பதினைந்து கம்பிகள் ஒரே பொட்டலமாக மலிவாக வரும் ‘சர்ஜிகல் ஸ்டீல்’, புதுப் புண்ணுக்கு வேண்டாம். அந்தப் பெயரில் வழக்கமாக விற்கும் 316எல் ஸ்டீலில் பத்து சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. கவரிங் கம்மல் போட்டாலே காது அரிப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. காந்தம் வைத்துப் பார்ப்பதும் வீண். இந்த ஸ்டீலும் காந்தத்தில் ஒட்டாது.

மணியைக் கழற்றிப் பாருங்கள். கம்பியின் முனையில் மரை தெரிந்தால் அது வெளிமரை. புண்ணுக்குள் நுழைக்கும்போது அரம் மாதிரி சதையைச் சுரண்டிக்கொண்டு போகும். மரை மணியின் காம்பில் அமைந்து, கம்பி முனை வழவழப்பாக இருந்தால் உள்மரை. அதைத்தான் வாங்க வேண்டும். அக்ரிலிக் மணிகள் பல்லுக்கு மென்மை என்று விற்கிறார்கள், ஆனால் கடித்தால் விரிசல் விடும், மரை தேயும், ஆறும்வரை வேண்டாம். எந்த மணியானாலும் காலையும் இரவும் கையை சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் மணியைப் பிடித்துக்கொண்டு மேல் மணியை வலப்பக்கம் திருகி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய மணி பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். மூச்சுக்குழலுக்குள் போனால்தான் ஆபத்து.

கடைக்கு வருவோம். குத்துபவர் டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாரா? அடிநாக்கில் இரண்டு பக்கமும் நீல நரம்புகள் ஓடுவது கண்ணுக்கே தெரியும். நடுவில் நாக்கை வாயின் அடித்தளத்தோடு கட்டும் சவ்வு இருக்கிறது. அதற்கு முன்னால், நடுக்கோட்டில், நரம்பை விட்டு விலகித்தான் ஊசி போக வேண்டும். சவ்வு நுனிவரை ஒட்டியிருப்பவரைத் திருப்பி அனுப்புகிற கடை நல்ல கடை. நுனியில் படுக்கைவாட்டில் குத்தும் ‘ஸ்னேக் ஐஸ்’ செய்வோம் என்று போர்டு வைத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். நாக்கின் இரு பாதித் தசைகளையும் ஒன்றாகப் பூட்டுகிற வேலை அது; மணிகள் நேராக முன்பல்லில் மோதும்.

ஆட்டோகிளேவ் (நீராவியால் கிருமி நீக்கும் கருவி) இருக்க வேண்டும். 121 டிகிரியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் நீராவி அழுத்தத்தில் வெந்தால்தான் கருவி கிருமியற்றதாகும். பியூட்டி பார்லரில் நீல வெளிச்சம் போடும் பெட்டி அந்த வேலையைச் செய்யாது. ஊசிப் பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். காது குத்தும் துப்பாக்கியை நாக்குப் பக்கம் கொண்டுவரவே கூடாது. மரத்துப்போக ஊசி போடுகிறேன் என்று டாக்டர் அல்லாதவர் சொன்னால் அதுவே எச்சரிக்கை மணி. 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கை இரண்டாகப் பிளந்துவிட்ட டாட்டூ கடைக்கு மாநகராட்சி சீல் வைத்தது நினைவிருக்கலாம்.

கோயிலில் அலகு குத்தியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அந்த வேல் அன்றைக்கே வெளியே வந்துவிடுகிறது, நாக்கும் சீக்கிரம் மூடிக்கொள்கிறது. இங்கே உலோகம் உள்ளேயே கிடக்க, அதைச் சுற்றித் தோல் வளர வேண்டும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இதய வால்வு கோளாறு, கட்டுப்படாத சர்க்கரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கழுவுவதற்கு மெடிக்கலில் கிடைக்கும் 0.9 சதவீத நார்மல் சலைன் (கிருமி நீக்கிய உப்பு நீர்) முதலிடம். இல்லையென்றால் கொதித்து ஆறிய கால் லிட்டர் தண்ணீரில் கால் டீஸ்பூன் அயோடின் சேராத உப்பு. கைநிறைய உப்பு போட்டால் புண் வறண்டு எரியும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும், படுக்கும் முன்பும் 30 விநாடி கொப்பளித்தால் போதும். ஆல்கஹால் இல்லாத மவுத்வாஷ் பரவாயில்லை. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் டாக்டர் சொன்னால் மட்டும். நாள்கணக்கில் ஊற்றினால் பல் பழுப்பேறும், நாக்கில் ருசி மாறும். மஞ்சள், தேங்காய் எண்ணெய் எதுவும் துளையில் வைக்க வேண்டாம்.

முதல் வாரத்துக்கு ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம், ஐஸ் துண்டு. காரம், சூடான காபி, சிகரெட், பான், மது, முத்தம் எல்லாம் தள்ளி. வெளிர் நிறக் கசிவும் துளையைச் சுற்றி வெள்ளைப் படலமும் இயல்பு. பச்சை அல்லது மஞ்சள் சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் ஏறும் வலி என்றால் டாக்டர். நாக்குக்கு அடியிலோ தாடைக்குக் கீழோ கட்டையாக இறுகி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவு. சீழ் பிடித்திருக்கும்போது கம்பியை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடி சீழ் உள்ளே தங்கிவிடும்.

இன்னொன்று: குத்தியபின் 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது.