ஒயர் வைத்த 0402 எல்இடி பாக்கெட்: லைட்டை வைத்துக்கொள்ளுங்கள், ரெசிஸ்டரை மாற்றுங்கள்

எச்ஓ (1:87 அளவு மாடல் ரயில்) எஞ்சினுக்கு லைட் போடலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் கண்ணில் படுவது இந்தப் பாக்கெட்தான். வார்ம் வொய்ட் 0402 எல்இடி பத்து, ஒவ்வொன்றிலும் தலைமுடி கனத்தில் இரண்டு எனாமல் (மேல்பூச்சு போட்ட) ஒயர், கூடவே கரண்டைக் கட்டுப்படுத்தும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பத்து. பிராண்டு பெயர் எதுவும் இல்லாமல் ஆன்லைனில் பல பேர் விற்கிறார்கள்.

எல்இடியைக் குறை சொல்ல முடியாது. 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம், ஹெட்லைட் லென்ஸுக்குப் பின்னாலேயே உட்கார்ந்துவிடும். நிறமும் சரி. ஜிபி9 மாதிரி 1950களின் அமெரிக்க டீசல்களில் எரிந்தது இழை பல்பு. அதற்குக் கூல் வொய்ட் போட்டால் எஞ்சின் நெற்றியில் ட்யூப்லைட் கட்டியது போல இருக்கும். (டிட்ச் லைட், அதாவது எஞ்சின் முகப்பில் கீழே இருக்கும் இரண்டு துணை விளக்கும் வைக்க ஆசையா? ஓட்டுவது எந்த வருடத்து ரயில் என்று பாருங்கள். அமெரிக்காவில் துணை விளக்கு கட்டாயமானது 1997 இறுதியில்தான்.)

கோளாறு ரெசிஸ்டரில். டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரையும் லைட்டையும் இயக்கும், எஞ்சினுக்குள் இருக்கும் சிறு சர்க்யூட்) 14 வோல்ட் தந்தால் எல்இடி எடுக்கும் 3 போக மிச்சம் 11. 1 கிலோ ஓம் வழியே 11 மில்லிஆம்ப் ஓடும். எல்இடி தாங்கும், கண் தாங்காது. பாடியே பிளாஸ்டிக் லாந்தர் மாதிரி ஒளிரும். 4.7 கிலோ ஓம், கால் வாட் போடுங்கள், 2.3 மில்லிஆம்ப் தாராளம். அப்படியும் பாடி வழியே வெளிச்சம் கசிந்தால் உள்பக்கமும் எல்இடியின் முதுகிலும் கறுப்பு அக்ரிலிக் இரண்டு கோட்டிங்.

டிசிசியில் (டிகோடர் வைத்து ஓட்டும் டிஜிட்டல் முறை) டிகோடரின் நீல ஒயர்தான் பிளஸ். வெள்ளை முன் லைட்டுக்கு, மஞ்சள் பின் லைட்டுக்கு, இரண்டும் மைனஸ் பக்கம். ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர். நீலத்தில் ஒன்றே ஒன்று போட்டால் இரண்டும் சேர்ந்து எரியும்போது மங்கும். நீலம் ஃபிரேமில் பட்டால் டிகோடர் போய்விடலாம்.

டிகோடர் இல்லாமல் தண்டவாள வோல்டேஜை ஏற்றி இறக்கி ஓட்டும் சாதாரண டிசி என்றால் வேலை இன்னும் சுலபம். முன், பின் எல்இடிகளை எதிரெதிராகச் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வழியே இரு தண்டவாளப் பிக்கப்பிலும் (தண்டவாளத்திலிருந்து கரண்ட் எடுக்கும் தொடுப்பு) இணைத்தால் திசைக்கு ஏற்ப மாறி எரியும். எரியும் எல்இடி மற்றதற்கு ரிவர்ஸ் வோல்டேஜ் ஏறாமல் பார்த்துக்கொள்ளும், தனி டையோடு தேவையில்லை. முன் லைட்டின் பிளஸ் வலது தண்டவாளப் பக்கம். மெதுவாக ஓட்டும்போது வெளிச்சம் மங்கத்தான் செய்யும், அது டிசியின் குணம்.

பலரும் தோற்பது எனாமல் ஒயரில். பிளேடால் சுரண்டினால் ஒயரே அறுந்துவிடும். சால்டரிங் அயர்னை 380 டிகிரியில் வைத்து, நுனியில் ஒரு சொட்டு ஈயம் உருக்கி, ஒயர் முனையை அதில் மூன்று விநாடி பிடித்தால் எனாமல் எரிந்து ஈயம் ஏறும். புகையை முகராதீர்கள். பிறகு 3 வோல்ட் பட்டன் செல்லில் தொட்டு எரிகிறதா என்று பாருங்கள்.

லென்ஸ் அருகே சூப்பர் க்ளூ ஆகாது, ஆவி பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். ஒயர் எல்இடியில் சேரும் இடத்திலும் ஒரு சொட்டு வையுங்கள், பாடியைக் கழற்றும்போது முதலில் பிய்வது அங்கேதான். ஓர் எஞ்சினுக்கு இரண்டு போதும், மேசையில் நான்கு இருக்கட்டும்.