போர்டு எழுதுகிற கைக்கு ஒன் பை வேகாம் டேப்லெட்டும் கிரிட்டாவும்

வேலூரில் கடைப் போர்டு எழுதுவது என் தொழில். எனாமல் பெயிண்ட், ஃப்ளாட் பிரஷ், நூல், சாக்பீஸ், இவ்வளவுதான் முதலீடு. வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிந்தபோது மாவட்டப் பெயரை மாற்றி எழுதும் வேலை முழுக்க எங்கள் பிரஷ்ஷுக்குத்தான் வந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபோது அதே வேலை பெரும்பாலும் பிளெக்ஸ் கடைக்குப் போய்விட்டது. அதற்காக எழுத்தை விட மனம் வரவில்லை. கையால் எழுதிய எழுத்தையே பிளெக்ஸுக்கும், வெட்டி ஒட்டும் வினைல் தாளுக்கும் கொடுக்க முடியுமா என்று பார்க்கத்தான், கணினியில் மாட்டிப் பேனாவால் வரையும் இந்த டேப்லெட்டை வாங்கினேன். படம் வரைகிற பிள்ளைகள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிரஷ் பிடித்த கைக்கு இது எப்படி என்று யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

நான் வாங்கியது ஒன் பை வேகாம், சின்ன அளவு, சிடிஎல் 472. நாலாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வரையும் பரப்பு 152 மி.மீ. அகலம், 95 மி.மீ. உயரம். பேனாவுக்கு பேட்டரி கிடையாது, சார்ஜ் போடும் வேலையும் இல்லை. அழுத்தத்தை 2048 படிகளாக உணரும். ஏறக்குறைய இதே விலையில் 8192 படி என்று போட்டு விற்கும் டேப்லெட்டுகளும் உண்டு. எழுத்து வேலையில் அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். பலகையில் பட்டன் ஏதும் இல்லை, பேனாவில் மட்டும் இரண்டு. திரை இல்லாத டேப்லெட் என்பதால் கை மேஜையில், கண் லேப்டாப்பில். "மாமா, கையப் பாக்காதீங்க, ஸ்கிரீனையே பாத்துக்கினு இழுங்க" என்று அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தான். அது பழகிவிடும்.

பழகாத விஷயம் வேறு. மாட்டியவுடன் கோடு வந்தது, ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன். லேப்டாப் அவனுடையது, பழையது. முன்பு வேறொரு கம்பெனி டேப்லெட்டை அதில் மாட்டியிருந்தான். அதன் டிரைவர், அதாவது டேப்லெட்டைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள், உள்ளேயே தங்கியிருந்தது. இரண்டு டேப்லெட் டிரைவர்கள் ஒரே கணினியில் இருந்தால் அழுத்தத் தகவல் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். பழையதை நீக்கி, கணினியை அணைத்துப் போட்டு, வேகாம் தளத்தில் இருந்து புது டிரைவரை இறக்கினோம். அதற்குப் பிறகும் ஒன்றைப் பார்க்க வேண்டும். வேகாம் டிரைவரில் 'விண்டோஸ் இங்க்' என்று ஒரு டிக் இருக்கும். நான் எழுதப் பயன்படுத்தும் வரைகலை மென்பொருள் கிரிட்டா. அதில் செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போனால் வின்டேப்பா, விண்டோஸ் இங்க்கா என்று கேட்கும். பேனாவின் அழுத்தம் மென்பொருளுக்குப் போய்ச் சேரும் இரண்டு வழிகள் அவை. இரண்டு இடத்திலும் ஒரே பதில் இருக்க வேண்டும். நான் டிரைவரில் டிக்கை எடுத்துவிட்டு, கிரிட்டாவில் வின்டேப் வைத்தேன். அதே பக்கத்தில் டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பட்டன் உண்டு. அதில் கிறுக்கிப் பார்த்தால் அழுத்தம் எண்ணாகவே தெரியும். சந்தேகம் வந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அடுத்தது, எழுத்து எழுதுபவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது. டேப்லெட்டின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 16:10. அந்த லேப்டாப்பின் திரை 1366க்கு 768, அதாவது 16:9. டிரைவர் தானாகவே முழுப் பலகையையும் முழுத் திரையோடு பொருத்திவிடும். விளைவு, கை வட்டம் போட்டால் திரையில் அகலம் ஒன்பதில் ஒரு பங்கு கூடி முட்டையாக வரும். படம் வரைகிறவர்கள் கண்ணைத் திரையில் வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அப்படி இல்லை. 'ழ'வின் வயிறும் 'வ'வின் சுழியும் தோளில் இருக்கும் பழக்கம். கை சரியாகச் சுற்றியும் எழுத்து கொழுத்துத் தெரிந்தால் கை மீதே நம்பிக்கை போய்விடும். டிரைவரின் மேப்பிங் பக்கத்தில் 'ஃபோர்ஸ் ப்ரொப்போர்ஷன்ஸ்' என்பதை டிக் செய்தால் தீர்ந்தது. பலகையில் சுமார் ஒன்பதரை மி.மீ. உயரம் வீணாகும், போகட்டும். என்னைக் கேட்டால் டேப்லெட் வாங்கியவுடன் முதல் வேலை இதுதான், படம் போடுவது அப்புறம்.

கிரிட்டா இலவசம். கேடிஇ என்ற சுதந்திர மென்பொருள் அமைப்பின் கீழ் வருவது. அவர்களுடைய தளத்திலேயே இறக்கினால் காசு இல்லை. ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் விலைக்கு வைத்திருக்கிறார்கள், அந்தப் பணம் அதை உருவாக்குவதற்கே போகிறது. இரண்டும் ஒரே மென்பொருள்தான்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்டெபிலைசர். ஃப்ரீஹேண்ட் பிரஷ்ஷை எடுத்தால் டூல் ஆப்ஷன்ஸில் 'பிரஷ் ஸ்மூதிங்' வரும். அதில் ஸ்டெபிலைசரைத் தேர்ந்தெடுத்தால் கோடு பேனாவுக்குப் பின்னால் சற்று இழுபட்டு வரும், நடுக்கம் அடங்கிவிடும். போர்டில் இடது கையில் ஒரு குச்சியைப் பிடித்து, அதன் மேல் வலது கையை ஊன்றி எழுதுவோமே, அந்தக் குச்சி கிடைத்த மாதிரி இருந்தது. டிஸ்டன்ஸ் எண்ணை அதிகமாக்கினால் கோடு மழமழவென்று வரும், ஆனால் 'ட'வின் முனை மழுங்கும். நீண்ட வளைவுக்கு வைத்துக்கொண்டு மூலைக்கு எடுத்துவிடுகிறேன்.

கிடைக்காதது ஒன்று உண்டு. ஃப்ளாட் பிரஷ்ஷை விரலுக்கு நடுவே உருட்டித்தான் நாங்கள் தடிமனை மாற்றுகிறோம். இந்தப் பேனா சாய்வையும் உணராது, சுழற்சியையும் உணராது. கிரிட்டாவின் பிரஷ் எடிட்டரில் ரேஷியோவைக் குறைத்து, கோணத்தைச் சாய்த்துத் தட்டை பிரஷ் செய்யலாம். ஆனால் கோணம் அப்படியே நிற்கும், உருளாது. அதனால் நான் ஒரே இழுப்பில் எழுதுவதை விட்டுவிட்டு, அவுட்லைன் போட்டு உள்ளே நிரப்புகிறேன். பெரிய போர்டில் எப்படியும் அப்படித்தான் எழுதுவோம். ஈ பட்டனைத் தட்டினால் அதே பிரஷ் அழிப்பானாக மாறும், மறுபடி தட்டினால் பிரஷ். ஓரம் சீவுவதற்கு அது ரொம்ப வசதி. எம் தட்டினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பும். எழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அப்போது நன்றாகத் தெரிந்துவிடும். பேனாவின் மேல் பட்டனுக்கு மௌஸின் நடு பட்டன் வேலையைக் கொடுத்தேன். அதை அழுத்தி இழுத்தால் தாள் நகர்கிறது.

இதெல்லாம் எதற்கு என்றால், லாங் பஜார் பக்கம் ஒரு மண்டிக்காரர் தன் அப்பா காலத்துப் போர்டு துருப்பிடித்துவிட்டது, அதே எழுத்தில் புதிதாக வேண்டும் என்றார். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய போர்டு. 'நிலக்கடலை'யில் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய லை, 'பிண்ணாக்கு'வில் பழைய சுழி ணா. பிளெக்ஸ் கடைக் கணினியில் இருந்த எழுத்துருக்கள் எல்லாமே புது வடிவம். "கம்ப்யூட்டர்ல இல்லன்னுட்டாங்க, ஆர்ட்டிஸ்டே" என்று வந்து நின்றார். பழைய போர்டை நேர் எதிரே நின்று போட்டோ எடுத்து, கிரிட்டாவில் கீழ் லேயராக, அதாவது அடியில் ஒரு கண்ணாடித் தாள் போல வைத்து, ஒபாசிட்டியைக் குறைத்து மங்கலாக்கி, மேலே புது லேயரில் எழுதினேன். துரு தின்ற இடத்தில் அந்தக் காலத்து எழுத்தரின் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று யோசித்து நிரப்ப வேண்டியிருந்தது. பிடிக்கவில்லையா, லேயரை மூடிவிட்டு இன்னொன்றில் எழுதலாம். போர்டில் என்றால் டர்பன்டைன் போட்டுத் துடைக்க வேண்டும்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிளெக்ஸுக்கு 10 அடிக்கு 3 அடி, 72 டிபிஐ (அங்குலத்துக்கு 72 புள்ளி) என்று கேன்வாஸ் போட்டால் 8640க்கு 2592 பிக்சல். முழுக்க நிரம்பிய ஒரு லேயருக்கே 90 எம்பி நினைவகம் போகும். நாலு ஜிபி ரேம் லேப்டாப்பில் லேயர் கூடக்கூட பிரஷ் பின்தங்கும். எழுத்து மட்டும் என்றால் பாதி அளவில் எழுதுங்கள், காரணம் கீழே வருகிறது.

சின்ன டேப்லெட் போதுமா? மணிக்கட்டால் வரைகிறவர்களுக்கு, பென்சிலில் பழகியவர்களுக்கு, தாராளமாகப் போதும். எங்களைப் போலத் தோளிலிருந்து கையை வீசி எழுதுகிறவர்களுக்கு இது குறுகல். 'ஸ்ரீ'யின் வாலை இழுக்கும்போது கை பலகையை விட்டு வெளியே போய்விடுகிறது. ஒவ்வொரு எழுத்தையும் பெரிதாக்கி, பகுதி பகுதியாக எழுதிச் சமாளிக்கிறேன். இதே வரிசையில் சிடிஎல் 672 என்று நடுத்தர அளவு இருக்கிறது, 216க்கு 135 மி.மீ. தொழிலுக்கு வாங்குகிற பெயின்டர் யாராக இருந்தாலும் கொஞ்சம் கூடப் போட்டு அதை வாங்குவது நல்லது. பேனாவும் அழுத்தமும் ஒன்றுதான், இடம்தான் வேறு.

கடைசி வேலை கிரிட்டாவில் முடியாது. வினைல் வெட்டும் மெஷினுக்குப் பிக்சல் படம் ஆகாது, ஓரக்கோடு வேண்டும். அதற்கு இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு மென்பொருள், அதுவும் இலவசம். கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி என்று பிஎன்ஜியாகச் சேமித்து, அங்கே 'ட்ரேஸ் பிட்மேப்' கொடுத்தால் எழுத்தின் ஓரம் மெஷின் வெட்டக்கூடிய கோடாக மாறிவிடும். அதன்பின் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. பாதி அளவில் எழுதினால் போதும் என்றது இதனால்தான். அந்தக் கோட்டை வளைக்கும் புள்ளிகள் வளைவுகளில் தேவைக்கு மேல் விழும். அப்படியே வெட்டக் கொடுத்தால் ஓரம் பல்பல்லாக வரும். கண்ட்ரோலோடு எல் ஒரு முறை தட்டினால் புள்ளிகள் குறையும். இரண்டு மூன்று முறை தட்டினால் துதிக்கையின் நுனி உருண்டு போகும். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கி, புள்ளிகளைப் பேனாவாலேயே பிடித்து நகர்த்திச் சரிசெய்து, பிடிஎஃப் ஆக வினைல் கடைக்கு அனுப்பினேன். அவர்கள் எதையும் மாற்றாமல் நேரே மெஷினில் ஏற்றி வெட்டினார்கள்.